கூரையில் தொங்கிய கப்பல்கள்

போன வெள்ளிக்கிழமை நம் கூட்டாளி ஒருத்தி, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்த படங்களைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு வந்தாளே, ஞாபகம் இருக்கும். நீங்கள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு "இது எந்த ஊரு, இது எந்த ஊரு" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவளும் ராணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் கூட்டிக்கொண்டு போனானாம். வடக்குக் கடலோரமாகவே போனார்களாம். பழைய தேவாலயம், மியூசியம், கடற்கரை, மறுபடியும் தேவாலயம். தினமும் ரொட்டியைத் தின்று நாக்கு செத்துப்போச்சாம். அவள் சொன்னதில் அந்தக் கடைசி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை.

ஒரு படத்தில் ஒரு தேவாலயத்தின் உள்பக்கம் இருந்தது. வெள்ளைச் சுவர், நீலச் சாயம் அடித்த பெஞ்சுகள். கூரையிலிருந்து ஒரு கயிற்றில் கப்பல் தொங்கியது. பாய்மரம், கொடி, ஏணி எல்லாம் வைத்துச் செய்த சின்னக் கப்பல். அதைப் பார்த்ததும் நான் ஆல்பத்தை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டீர்களாம். பொறாமை என்று ஒருத்தி சொன்னாளாம். அவள் யாரென்றும் எனக்குத் தெரியும்.

பொறாமை இல்லையடி. அந்த மாதிரிக் கப்பல்களுக்குக் கீழே நான் எட்டு வயதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமாக அதை உங்களிடம் வாய் திறந்து சொல்லாததற்குக் காரணம் உண்டு. நாம் எல்லோரும் பினாங்கில் சூலியா தெருப் பக்கம் ஒன்றாக வளர்ந்தவர்கள். என் அப்பாவுக்கு 'வெள்ளைக்காரி புருஷன்' என்று பேர் வைத்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்குப் பல்செட்டோடு நம் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அந்தப் பேரை எடுத்துவிடுங்கள்.

அப்பா முதலில் துறைமுகத்தில் தொங்காங் படகுகளில் மூட்டை ஏற்றி இறக்கியவர். பிறகு நீராவிக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனார். அவர் கடைசியாகக் கப்பல் ஏறியபோது நான் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தேனாம். அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. நிலக்கரியும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த ஒரு வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதுகூட யாரோ சொல்லிக் கேட்டதாக இருக்கலாம்.

ரொம்ப நாள் கழித்து அவரோடு கரி அள்ளியவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார். வடக்கே, டென்மார்க் தேசத்துக் கரையில், புயலில் கப்பல் மணல்மேட்டில் ஏறி உடைந்துபோனது. சில பேர் படகில் ஏறித் தப்பித்தார்கள். அப்பா கப்பலுக்குள் இருந்தாரா, படகுக்கு வந்தாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு அவரைக் கண்ணால் காணவில்லை. இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

டென்மார்க் என்ற பேர் அம்மாவுக்குப் புதிது இல்லை. அவள் பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம். கடலோரத்தில் டேனிஷ்காரன் கட்டிய கோட்டையைச் சுற்றி விளையாடி வளர்ந்தவள். கப்பல் உடைந்தது அந்தக் கோட்டைக்காரனுடைய தேசம் என்று மனதில் பிடித்து வைத்துக்கொண்டாள்.

நாங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தோம். மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பெரியம்மாவிடம் சொல்வாள், பெரியம்மா அதைத் திருப்பிப் பெரியப்பாவிடம் சொல்வாள். மூன்று பேருக்கும் எல்லாமே காதில் விழும். இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

"வருசம் ஓடிக்கிட்டே இருக்கு. ஆளு இருந்தா வந்திருக்க மாட்டானா?" என்பார் பெரியப்பா. "காரியத்தச் செஞ்சு முடிச்சிருவோம். தாலியக் கழட்டிட்டு வெள்ளச் சேல கட்டிக்கிட்டு ஊருக்குப் போகட்டும். அண்ணன்மாரு இருக்காங்க, பாத்துக்குவாங்க."

"அக்கா, பொணத்தப் பாத்தவங்க யாருன்னு கேளுங்க" என்பாள் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து.

பெரியப்பா கெட்டவர் இல்லை. எங்களையும் சேர்த்து ஒரு சம்பளத்தில் சோறு போட்டவர். ஆனால் தம்பி செத்துவிட்டான் என்று யாராவது அவருக்கு முடிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அம்மாவுக்கோ அதை யாரும் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் அவள் நெற்றியில் குங்குமம் இருக்காது, கையில் வேலை இருக்காது, நாங்கள் இந்த ஊரிலேயே இருக்க மாட்டோம்.

அப்போது அம்மா ஒரு இங்கிலீஷ் துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். நோர்த்தம் ரோட்டில் ஒரு டேனிஷ் துரை குடும்பம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், நல்ல வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். எல்லோரும் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். அங்கே நாலு வயதில் ஒரு சின்னத்துரை. என் அம்மா ஊட்டினால்தான் அவன் சாப்பிடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வாயைத் திறப்பான். ஆகவே துரை லீவில் ஊருக்குப் போனபோது துரைசானி எங்கள் இரண்டு பேரையுமே கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

புறப்படுவதற்கு முன்னால் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அக்கா, அவுககிட்டச் சொல்லுங்க. அந்தக் கரைய நானே என் கண்ணால பாத்துட்டு வாரேன். வந்து நான் என்ன சொல்றேனோ அதுதான் முடிவு. செத்துட்டாருன்னா நானே கழட்டித் தாரேன்."

"கடல்ல போயி ஆளத் தேடப் போறாளாம் லா!" என்று பெரியப்பா சிரித்தார். ஆனால் சரி என்றுவிட்டார்.

கப்பல் பயணத்தைச் சொல்லி உங்களை அலுக்க வைக்க மாட்டேன். வாந்தி எடுத்தேன், வளர்ந்தேன், போய்ச் சேர்ந்தேன். அந்த ஊரில் முதலில் என்னைப் பயமுறுத்தியது குளிர் இல்லை, வெளிச்சம். சாப்பிட்டு முடித்துப் படுத்த பிறகும் வெளியே சாயங்காலம் போலவே இருக்கும். சூரியன் போக மனமில்லாமல் கடல் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும். கனத்த திரைச்சீலையை இழுத்து மூடி எங்களைத் தூங்க வைப்பார்கள். நிழல்கள் நீண்டு நீண்டு கிடக்கும். யாரோ வீட்டைச் சுற்றி நடக்கிற மாதிரியே எனக்குத் தோன்றும். எப்போது இருட்டும் என்று கேட்டால் சின்னத்துரை "குளிர்காலத்தில்" என்பான்.

துரைசானிக்குத் தன் ஊர் தேவாலயங்கள் என்றால் உயிர். வாரத்துக்கு ஒன்று என்று குதிரை வண்டியிலும் காரிலும் எங்களை ஏற்றிக்கொண்டு போவாள். எல்லாம் மணல்மேட்டுக்கு நடுவில் தனியாக நிற்கும் பழைய கட்டடங்கள். வெளியே வெள்ளை, உள்ளேயும் வெள்ளை. அம்மா முதல் நாள் வாசலிலேயே பூட்ஸையும் கம்பளிக் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். சாமி இருக்கிற இடம் இல்லையா? அந்தக் கல்தரை பனிக்கட்டியாக இருந்தது. ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த கிழவிகள் அவள் காலையே பார்த்தார்கள். துரைசானி முகம் சிவந்துபோய் மலாயில் திட்டினாள். அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த பாஷை நம் கடைத்தெரு பாசார் மலாய் ஒன்றுதான். அந்த வடக்குக் கோடியில், அந்த ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் முழித்துக்கொண்டு நிற்க, ஒரு வெள்ளைக்காரியும் ஒரு தமிழச்சியும் மலாயில் சண்டை போட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். அம்மா கடைசிவரை பூட்ஸோடு உள்ளே போகவில்லை.

எல்லாத் தேவாலயத்திலும் கப்பல் தொங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் அதன் அடிப்பாகம்தான் தெரியும். காற்று இல்லாமலே அது மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திரும்பும். கப்பலின் அடிவயிற்றைக் கீழேயிருந்து பார்ப்பவர்கள் யார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கடலுக்குள் கிடப்பவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள். எனக்கு மூச்சு முட்டியது. அம்மாவின் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மெம், எதுக்குக் கப்பலைக் கட்டித் தொங்க விட்டிருக்கிறார்கள்?" என்று அம்மா மலாயில் கேட்டாள்.

"கடலுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தவர்கள் கடவுளுக்குக் கொடுத்தது" என்றாள் துரைசானி.

"திரும்பி வராதவர்களுக்கு?"

துரைசானி சின்னத்துரைக்குக் கையுறையை மாட்டிவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

தேவாலயம் இல்லாத நாட்களில் கடற்கரை. நம் தஞ்சோங் பூங்கா கடற்கரை மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். மரம் இல்லை, நிழல் இல்லை, ஓயாத காற்று. மணல் பறந்து வந்து முகத்தில் அறையும். புயல் அடித்த மறுநாள் சின்னத்துரையும் நானும் பாசிக்குள் கையை விட்டுத் துழாவி மஞ்சள் கட்டிகள் பொறுக்குவோம். தேன் நிறத்தில், கல்லை விட லேசாக, வெயிலில் பிடித்தால் உள்ளே ஒளி நிற்கும். அதை அம்பர் என்று சொன்னார்கள். ஒருநாள் சின்னத்துரை கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டியைக் கண்டெடுத்தான். வீடே கொண்டாடியது. துரைசானி அதை நகையாகச் செய்து தன் தாயாருக்குக் கொடுப்பதாகச் சொல்லி தன் பயணப் பெட்டியில் வைத்தாள்.

அம்மா மட்டும் ஒரு சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். என்னிடமும் நீட்டினாள். "என்னா வாசம் வருது சொல்லு?"

"சாம்பிராணி" என்றேன்.

"குங்கிலியம்டி இது. மரத்துப் பாலு. சாமிக்கும் சாவுக்கும் பொகைக்கிறத நகையாப் போடுறாளுகளே" என்றாள்.

அன்று முழுவதும் அம்மா கடலைப் பார்க்கவே இல்லை. வழக்கமாக அவள் எங்களைப் பார்ப்பதைவிடக் கடலைத்தான் அதிகம் பார்ப்பாள்.

அந்தக் கோடை முடியப்போகிற சமயத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். அங்கே தேவாலயத்துக்குப் பின்னால் ஒற்றை அறை மியூசியம் ஒன்று இருந்தது. கோயில் மணி அடிக்கிற கிழவர்தான் அதற்கும் சாவி வைத்திருந்தார். கடல் கொண்டுவந்து போட்ட சாமான்கள் எல்லாம் அங்கே இருந்தன. கப்பல் மணி, மூக்கு உடைந்த ஒரு மரப் பொம்பளை, புகைக் குழாய்கள், ஒற்றைப் பூட்ஸ்கள். ஜோடி என்று ஒன்றுகூட இல்லை. ஈர மரமும் தாரும் கலந்த ஒரு நாற்றம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒரு கறுப்புக் கயிறு. ஒரு இடத்தில் வெட்டுப்பட்டுப் பிரிந்து கிடந்தது. அதில் ஒரு வெள்ளித் தாயத்து, விரல் கணு அளவுக்கு. அதன் ஒரு முனை நசுங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு அட்டையில் என்னவோ எழுதியிருந்தது.

நமக்கு அது என்னவென்று தெரியாதா? "அம்மா, அரைஞாண் கயிறு!" என்று கத்தினேன். அம்மா என் தோளை ஒரு கிள்ளு கிள்ளினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கிழவர் பக்கத்தில் வந்து நின்று துரைசானியிடம் நிறையப் பேசினார். துரைசானி அதை மலாயில் சொன்னாள். ஒரு குளிர்காலத்தில் ஒரு ஆள் கரை ஒதுங்கினார். தெற்கத்தி ஆள், கறுப்பு நிறம். எந்தக் கப்பல், என்ன பேர், ஒன்றும் தெரியவில்லை. அவர் இடுப்பில் இது இருந்தது. இடுப்பில் யார் நகை போடுவார்கள்? தன் குழந்தையின் கழுத்து மாலையைப் பத்திரமாக அங்கே கட்டி வைத்திருந்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அட்டையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள், குழந்தையின் கழுத்துமாலை என்று. ஆயாவுக்கு இது என்னவென்று தெரியுமா என்று கிழவர் கேட்கிறார்.

அம்மா கண்ணாடிக்கு மேல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"தா தாவ், மெம்" என்றாள். தெரியாது.

பிறகு, "சியாப்பா போத்தோங்?" என்று கேட்டாள். யார் அறுத்தது?

துரைசானிக்கு அது ஒரு விசித்திரமான கேள்வியாக இருந்தது. கேட்டுச் சொன்னாள். கிழவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர்தான், தன் கத்தியால்.

"குளிப்பாட்டினார்களா?"

குளிப்பாட்டினார்கள். உப்பும் மணலுமாக இருந்ததால் இவருடைய மனைவி வெந்நீர் போட்டுக் கொடுத்தாளாம். உடுத்த ஒன்றும் இல்லாததால் இவர் ஞாயிற்றுக்கிழமை போடுகிற தன்னுடைய சட்டையைப் போட்டுவிட்டாராம். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லிப் புதைத்தார்கள்.

எந்தக் குளிர்காலம் என்று அம்மா கேட்டாள். அவர் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். பிறகு யாரும் எதிர்பாராமல் குனிந்து அந்தக் கிழவருடைய காலைத் தொட்டாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். "இவர்கள் ஊரில் வயதானவர்களுக்கு இப்படித்தான் மரியாதை செய்வார்கள் போலிருக்கிறது" என்று துரைசானி சமாளித்தாள்.

வெளியே வந்ததும் நான், "அம்மா, அது நம்ம அப்பாவோடதா?" என்று கேட்டேன்.

"சீ. ஒங்கப்பா வெள்ளி அரைஞாண் போட்டவரு. இது யாரோ நம்மாளு, பாவம்" என்றாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. நான் நம்பினேன். எட்டு வயதில் அம்மா சொன்னால் அதுதான் வேதம்.

அந்த ஊரிலேயே ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் மத்தியானம் துரைசானி தலைவலி என்று படுத்திருந்தாள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம் போனாள். அங்கே கரை ஒதுங்கியவர்களைப் புதைத்த இடம். பேர் இல்லாத கறுப்பு மரச் சிலுவைகள், கண்டெடுத்த நாள் மட்டும் வெள்ளையில் எழுதியிருந்தது. கிழவர் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்து ஒரு சிலுவையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

அம்மா மடியிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்தாள். பினாங்கிலிருந்து டின்னில் கொண்டு வந்தது. மேட்டின் தலைமாட்டில் போட்டாள். என் கையிலும் கொஞ்சம் கொடுத்து, "நீயும் போடு. பிள்ள கையால விழட்டும்" என்றாள். போட்டேன். பிறகு விடுதி அடுப்பிலிருந்து ஒரு தட்டில் எடுத்து வந்திருந்த தணலை ஊதிவிட்டு, அதில் சின்னத்துரையின் அந்தப் பெரிய அம்பர் கட்டியை வைத்தாள். அது முதலில் முனகியது. பிறகு வெடித்துப் புகைந்தது. காற்று புகையைத் தரையோடு படிய வைத்து அந்த மேட்டைச் சுற்றிச் சுற்றி இழுத்தது. நம் கோயில் வாசனைதான், ஆனால் அதில் கடல் இருந்தது.

வெள்ளையாகப் பெரிய கடற்பறவை ஒன்று சிலுவையில் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. பிறகு இறங்கி அரிசியைக் கொத்தியது. "இங்க காக்கா வெள்ளையா இருக்கு" என்றாள் அம்மா. அப்போதுதான் அவள் அழுதாள். யாரோ ஒருவருக்காக அம்மா இப்படி அழுகிறாளே, எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்பர் காணாமல் போனது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அம்மாவின் சேலை முழுக்க வாசனை. சின்னத்துரை தரையில் புரண்டு அழுதான். துரைசானி "போடோ! போடோ!" என்று கத்தினாள். முட்டாள், நகையைக் கொளுத்திய முட்டாள். வாசனைக்காக அடுப்பில் போட்டேன் என்று மட்டும் அம்மா சொன்னாள். பிறகு பினாங்கில் விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் துரைசானி இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். விலை உயர்ந்த அம்பரை என் ஆயா சாம்பிராணி என்று நினைத்துவிட்டாள்! அம்மா அங்கேயே தட்டை ஏந்திக்கொண்டு நிற்பாள். துரைசானி கொடுமைக்காரி இல்லை. அம்மா பக்கத்தில் நின்று அந்தக் கேள்விகளையெல்லாம் கிழவரிடம் கேட்டு மலாயில் சொன்னதே அவள்தான். அவள் வாயாலேயே எல்லாம் போய் வந்தும் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை.

பினாங்கில் கப்பல் வந்து நின்றபோது படித்துறையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்றிருந்தார்கள். பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்து, "என்னா, கேளு" என்றார். பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் அம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டு மூத்தாருடைய முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

"பாத்தேன் மாமா. உசுரோட இருக்காரு. வெள்ளக்காரி ஒருத்தியக் கட்டிக்கிட்டு நல்லா இருக்காரு. வர மாட்டாராம்."

பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு தம்பியைத் திட்ட ஆரம்பித்தார். அந்தத் திட்டு சாகும்வரை ஓயவில்லை. ஆனால் மானஸ்தர். தம்பி செய்த துரோகத்துக்குத் தான் பொறுப்பு என்று எங்களைத் தாங்கினார். ஊருக்கு அனுப்பும் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. "எப்ப பாத்தே? நான் பாக்கலியே" என்று அம்மாவைப் பிடித்து உலுக்கினேன்.

"நீ மத்தியானம் தூங்கிட்டிருந்தே. வந்தாரு. ஒன்னப் பாத்துட்டுப் போனாரு" என்றாள்.

என்னை எழுப்பவில்லையா? எழுப்பவில்லை. கட்டில் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, எழுப்பாமல் ஒரு வெள்ளைக்காரியிடம் போய்விட்டார்! அந்த வயிற்றெரிச்சலை நான் என்னவென்று சொல்ல? அதன் பிறகு நான் மத்தியானங்களில் தூங்குவதை விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இமையை மயிரிழைக்குத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். மறுபடியும் வந்தால் பிடித்துவிடலாம் அல்லவா? சில நாள் கால்மாட்டில் நிழல் விழும். நிலக்கரி வாசனை வரும். சட்டென்று திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். இது ஏதோ குழந்தைப் பயம் என்று நினைக்காதீர்கள். கல்யாணம் ஆகும்வரை எனக்கு இது இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னைப் பாடாய்ப் படுத்தியதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. உங்கள் அம்மாமார்கள் குழாயடியில் என் அப்பாவைச் சபித்ததையும் விடுங்கள். அவர்களைவிட நான்தான் அதிகம் சபித்தேன். அம்மா மட்டும் ஒரு நாளும் சபிக்கவில்லை. தினமும் அந்தி நேரத்தில் தலைக்குப் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தணலில் குங்கிலியம் போட்டு, புகையைக் கடல் இருக்கும் திசைக்குக் காட்டுவாள். மானம் கெட்டவள், ஓடிப்போனவனுக்குப் புகை போடுகிறாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எனக்கு மூத்த மகள் பிறந்து தொப்புள்கொடி காய்ந்து விழுந்த அன்று அம்மா அதை எடுத்துத் துடைத்தாள். தட்டானிடம் சொல்லிச் செய்து வைத்திருந்த வெள்ளித் தாயத்துக்குள் அதை வைத்து மெழுகால் அடைத்தாள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"எனக்கும் இப்படிச் செஞ்சியாம்மா? எங்க அது?"

அம்மா குழந்தையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி முடித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ஒனக்குப் பல்லு மொளைக்கிறப்ப அதக் கடிச்சுக் கடிச்சு நசுக்கிட்டே. ஒங்கப்பா கெளம்புற அன்னிக்கி ஒன் இடுப்புலருந்து கழட்டித் தன் அரைஞாண்ல கோத்துக்கிட்டாரு. பிள்ள வாசம் கூட இருக்கட்டும்னாரு."

நசுங்கிய முனை. கண்ணாடி. மூச்சு பட்டு மங்கியதும் துடைத்துத் துடைத்துப் பார்த்த அம்மா. எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து மோதியது. நம்மில் ஆண்பிள்ளையின் அரைஞாணை அறுப்பது உயிர் போன பிறகு ஒரே தடவைதான். அதனால்தான் யார் அறுத்தது என்று கேட்டிருக்கிறாள். குளிப்பாட்டியாயிற்று, கயிறு அறுத்தாயிற்று, துணி போட்டாயிற்று, மண் போட்டாயிற்று. அரிசியும் புகையும்தான் பாக்கி என்று கணக்குப் பார்த்து மறுநாள் அதையும் செய்து முடித்திருக்கிறாள்.

நான் கத்தினேன். பச்சை உடம்புக்காரி கத்தக் கூடாது என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். கையைத் தள்ளிவிட்டு, "ஏம்மா பொய் சொன்னே?" என்றேன்.

"செத்துட்டாருன்னா ஒரு நாளு அழுவாங்க. பதினாறாம் நாளு சாப்பிட்டுக் கை கழுவிட்டு மறந்துருவாங்க. நம்மள ஊருக்குக் கப்பலேத்தி விட்டுருவாங்க. ஓடிப் போயிட்டாருன்னா, திட்டுறதுக்காச்சும் தெனம் அவரு பேரச் சொல்வாங்கள்ல?"

"நல்ல மனுசன இத்தன வருசம் இப்படித் திட்டு வாங்க வச்சிட்டியே."

"அவருக்குக் கேக்காது. எனக்குத்தான கேக்கும்" என்றாள்.

"அதையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல? நம்மளோடதுன்னு கேட்டிருந்தா அந்தக் கெழவரு கொடுத்திருப்பாரு."

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "எடுத்துட்டு வந்துட்டா அவருகிட்ட வேற என்னா இருக்கு? அம்மாம் பெரிய குளுரு. ஒன்னயாச்சும் வச்சிக்கிட்டுக் கெடக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன்."

நான் தூங்கும்போது அப்பா வந்து பார்த்தார் என்று சொன்ன பொய்யை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. மற்றதெல்லாம் அவள் செய்ததுதான் சரி.

அம்மா போனபோது நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். மஞ்சள் குளிப்பாட்டி, பூ வைத்து, கூறைச்சேலை போர்த்தி, மஞ்சள் குங்குமத்தோடு போன மகராசி என்று காலைத் தொட்டுக் கும்பிட்டீர்கள். கும்பிட்ட கையோடு, அந்தப் படுபாவி கடைசிவரை எட்டிப் பார்க்கவில்லையே என்று அப்பாவைத் திட்டவும் செய்தீர்கள். நான் தலைமாட்டில் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறந்தால் நீங்கள் அவள் நெற்றியைத் துடைத்திருப்பீர்கள்.

இப்போது துடைக்க ஒன்றும் இல்லை. அதனால் சொல்லிவிட்டேன். போன வருஷம் எனக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மேலே காற்றாடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மயக்கத்தில் அது கப்பலின் அடிவயிறாகவே தெரிந்தது. ஆனால் மூச்சு முட்டவில்லை. பக்கத்தில் நிலக்கரி வாசனை வந்தது. நான் கண்ணைத் திறக்காமல் இருந்துகொண்டேன்.

ஆல்பக்காரி அடுத்த வருஷம் மறுபடியும் மகனோடு அந்தப் பக்கம் போகப்போகிறாளாம். போடி, நல்லா சுற்றிப் பார்த்துவிட்டு வா. கடலோரத்தில் சின்ன ஊராக இருந்தால், கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை மியூசியம் இருந்தால், ஒரு எட்டு உள்ளே போய்ப் பார். நடுவில் உலகச் சண்டை எல்லாம் வந்து போயிற்று, இருக்கிறதோ இல்லையோ தெரியாது. கண்ணாடிக்குள் ஒரு கறுப்புக் கயிறும் நசுங்கிய வெள்ளித் தாயத்தும் கிடந்தால், அட்டையில் குழந்தையின் கழுத்துமாலை என்று எழுதியிருந்தால், நீ படித்தவள், உடனே அவர்களைக் கூப்பிட்டு இது ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுகிற கயிறு, தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று திருத்தப் போய்விடாதே.

அப்படியே இருக்கட்டும். அது குழந்தையுடையதுதான்.